30 லிட்டர் என்றார்கள், ஒரு செம்பு தேறியது

ரியாத்தில் கேன் தண்ணீரை மூன்று மாடி தூக்கி முதுகு போனதுதான் மிச்சம். அதனால்தான் காற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் இந்த மெஷினை வாங்கினேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் 'நாளுக்கு 30 லிட்டர்'. அதன் கீழே எறும்பு சைஸில் '30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில்'. நான் படித்தது மேல் வரியை மட்டும்.

ஜூலை மதியம் இங்கே 43 டிகிரி. ஈரப்பதம் 10 சதவீதம் இருந்தாலே பெரிது. மெஷினுக்குள் ஃபிரிட்ஜில் இருப்பதுபோல ஒரு குளிர்ந்த காயில், அதாவது சுருள் குழாய். காற்று அதில் பட்டு வியர்க்க வேண்டும். இந்த வறண்ட காற்று வியர்க்க 5 டிகிரி வரை குளிர வேண்டும். அதற்குள் காயிலில் ஐஸ் கட்டி மெஷின் நின்றுவிடுகிறது. ராத்திரி முழுக்க ஓடினால் ஒரு செம்பு.

ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் இரண்டு செம்பு! பார்த்தால், பக்கத்து அடுப்பில் ஈடு ஈடாக இட்லி வெந்துகொண்டிருந்தது. இட்லி ஆவியைத்தான் காசு கொடுத்துக் குடித்திருக்கிறோம்.

வறண்ட காற்றுக்கு வேறு வழி உண்டு. 2025இல் வேதியியல் நோபல் பெற்ற மூவரில் ஒருவரான ஒமர் யாகியின் நுண்துளைப் பொருள், ராத்திரி ஈரத்தை உறிஞ்சி வெயிலில் விடும். அரிசோனா பாலைவனத்திலேயே சோதித்துவிட்டார்கள். அது கடைக்கு வரட்டும், பார்க்கலாம்.

சரி, இந்த மெஷின் அடுத்த வாரம் ஜெத்தாவில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போகிறது. அங்கே கடற்காற்று, சட்டையைப் பிழிந்தாலே தண்ணீர் வரும்.