மலைக்குப் போகும் முன் கழற்றிய பழைய பிரேக் பேடைக் கையில் கேட்டு வாங்குங்கள்

தீபாவளி விடுமுறைக்கு வால்பாறை, ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று சொந்தக் காரில் மலையேறப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். 'லாங் டிரிப் செக்கப்' என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் 18,000 ரூபாய்க்கு மேல் கட்டினேன். அதில் பாதிக்கு மேல் செய்யாத வேலைக்கும் மாட்டாத சாமானுக்கும் போட்ட பில். அந்த வண்டியில்தான் வயதான அம்மா, அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு மலை இறங்கினேன். நாங்கள் உயிரோடு வீடு வந்து சேர்ந்ததில் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு எந்தப் பங்கும் இல்லை.

ஒர்க்‌ஷாப் திருச்சியில் இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. பெயரைவிட, ஏமாற்று எப்படி நடந்தது என்பதுதான் உங்களுக்கு உதவும். இது எந்த ஊரிலும் நடக்கக்கூடியது.

வண்டியை விடும்போதே தெளிவாகச் சொன்னேன்: "ஐப்பசி மழையில வால்பாறை போறோம், அம்மா வர்றாங்க. பிரேக், டயர், வைப்பர் மூணையும் நல்லாப் பாருங்க." மாலையில் சூப்பர்வைசர் போன் செய்தார். "மேடம், முன்னாடி பிரேக் பேட் சுத்தமா தேஞ்சிருச்சு. பிரேக் ஆயிலும் கறுத்துப் போயிருக்கு. முன் டயர் ரெண்டும் மலைக்குத் தாங்காது." பிரேக் பேட் என்பது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்தும் கட்டை. எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். மறுநாள் வாட்டர் வாஷ் முடிந்து, டயரில் கறுப்புப் பாலிஷ் மின்ன வண்டி நின்றது. பில்லில் முன் பிரேக் பேட் ஒரு செட், பிரேக் ஆயில், வைப்பர் ரப்பர், புது டயர் இரண்டு, ஸ்டெப்னி உட்பட ஐந்து சக்கரத்துக்கும் நைட்ரஜன் என்று வரிசையாக அச்சாகியிருந்தது. "பக்காவா பண்ணியாச்சு மேடம், தைரியமாப் போய்ட்டு வாங்க" என்றார்.

இதில் எனக்கு ஆறாத கோபம் ஒன்றுதான். பேட் தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்து என்னிடம் சொன்னதே அவர்கள். தேய்ந்தது தெரியும், போவது மலை என்று தெரியும், வண்டியில் யார் யார் வருகிறார்கள் என்றும் தெரியும். அத்தனையும் தெரிந்துதான் பழைய பேடையே விட்டு அனுப்பினார்கள்.

திண்டுக்கல், பழனி, உடுமலை வழியாகப் பொள்ளாச்சி வரை சமவெளி. அதுவரை ஒன்றும் தெரியவில்லை. ஆழியாறு தாண்டி மலை ஏறும்போதும் தெரியவில்லை. ஏற்றத்தில் பிரேக்குக்குப் பெரிய வேலை கிடையாது, வண்டியின் எடையே வேகத்தைக் குறைத்துவிடும். இறக்கம்தான் சோதனை. வால்பாறைச் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். திரும்பிய அன்று காலையிலிருந்தே தூறல், கவர்க்கல் பக்கம் முன்னால் போகும் வண்டியின் விளக்கு மட்டும் தெரிகிற அளவுக்குப் பனிமூட்டம். இரண்டாவது கியரில்தான் இறங்கினேன். அட்டகட்டி தாண்டியதும் முன்சக்கரத்தில் இரும்போடு இரும்பு உரசும் சத்தம் வந்தது. இன்னும் சில வளைவுகள் இறங்கியதும் கருகிய நாற்றம். பிறகு பெடல் மெத்தென்று உள்ளே போக ஆரம்பித்தது. அழுத்த அழுத்தக் கீழே போகிறது, வண்டி நிற்க மாட்டேன் என்கிறது. முதல் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, ஒன்பதாவது வளைவில் ஆழியாறு அணை தெரியும் காட்சிமுனையில் ஓரம் கட்டினேன். பின்சீட்டில் அம்மா முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வந்தது நின்ற பிறகுதான் என் காதில் விழுந்தது.

அங்கே நின்றிருந்த ஒரு ஜீப் டிரைவர் ஓடிவந்தார். யாரோ சக்கரத்தில் தண்ணீர் ஊற்றச் சொன்னதற்கு அவர்தான் தடுத்தார். "ஊத்தாதீங்க, சூட்டுல டிஸ்க் வளைஞ்சுரும், விரிசல் விட்டுரும். அப்படியே ஆறட்டுமுங்க." நன்றாக ஆறிய பிறகு பெடல் மறுபடி கெட்டியானது. அம்மாவையும் அக்காவையும் பிள்ளைகளையும் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, "நான் முன்னால போறேன், ஃபர்ஸ்ட் கியர்லயே பின்னால வாங்கக்கா" என்று ஆழியாறு வரை கூட்டிவந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

பெடல் ஏன் அப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், மலைப்பாதையில் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். பெரும்பாலான கார்களில் ஊற்றும் டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அதே ஆயிலுக்கான அளவு 155 டிகிரிதான். தேய்ந்த பேட் வேறு, தொடர் இறக்கம் வேறு, ஐந்து பேரும் பெட்டிகளுமாகப் பாரம் வேறு. சூடு ஏறி ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டாகிறது. திரவத்தை அழுத்தினால் விசை பேடுக்குப் போய்ச் சேரும், குமிழை அழுத்தினால் குமிழ்தான் சுருங்கும். அதனால்தான் கால் தரைவரை போனாலும் வண்டி நிற்பதில்லை. இதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். எங்களிடம் அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்கியிருந்தார்கள்.

பொள்ளாச்சியில் ஒரு சிறிய கடை மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார். "ஏனுங்க, இந்த பேடைப் போட்டுக்கிட்டா மேல போனீங்க? ஒரு பக்கம் தகடே தெரியுதுங்க" என்றார். பேட் ஓரமெல்லாம் துரு. புது பேடில் தேயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும், 3 மில்லிமீட்டருக்கு வந்தாலே மாற்ற வேண்டும். பிரேக் ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. பிறகு டயரைத் திருப்பி உள்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். 'புது' டயர் இரண்டும் ஆறு வருடத்துக்கு முன்னால் தயாரானவை. ஸ்டெப்னியை டிக்கியிலிருந்து எடுத்து அழுத்தினார், பாதிக் காற்றுகூட இல்லை. அதற்கும் பில்லில் நைட்ரஜன் காசு இருக்கிறது. சொன்னபடி செய்திருந்த ஒரே வேலை வைப்பர் ரப்பர்.

டயர் விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். டயரின் பக்கவாட்டில் DOT என்று ஆங்கில எழுத்தில் தொடங்கும் வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் தயாரானது. பல டயர்களில் இந்த நான்கு இலக்கம் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டிவிட்டால் வெளியிலிருந்து எவ்வளவு குனிந்து பார்த்தாலும் தெரியாது. எனக்குச் செய்தது அதுதான். மேல்பூ ஆழமாகத்தான் இருக்கும், பார்க்கப் புதிதாகவே தெரியும். ஆனால் கிடங்கில் வருடக்கணக்கில் கிடந்த ரப்பர் இறுகிப்போயிருக்கும், மழையில் ஈரத் தார்மேல் அதன் பிடிப்பு குறையும். ஆகவே டயரைச் சக்கரத்தில் ஏற்றும் முன்பே அந்த எண்ணைக் காட்டச் சொல்லிப் போட்டோ எடுங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள். இருக்கிற டயரே போதுமா என்று பார்க்க, பூவின் பள்ளத்துக்குள் குறுக்கே ஓடும் சிறு மேடுகளைக் கவனியுங்கள். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான். மழையில் மலைக்குப் போக அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.

பேட், ஃபில்டர், பெல்ட் எதை மாற்றினாலும் பழைய சாமானை உங்கள் கையில் தரச் சொல்லுங்கள். வண்டி விடும்போதே ஜாப் கார்டில் 'பழைய சாமான் திருப்பித் தரவும்' என்று எழுதவைத்துக் கையெழுத்துப் போடுங்கள். புது பேட் வந்த அட்டைப்பெட்டியையும் கேளுங்கள். பானெட்டைத் திறந்தால் பிரேக் ஆயில் டப்பா வெளியிலிருந்தே தெரியும். புது ஆயில் வெளிர் மஞ்சளாக, கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் இருக்கும். மேல் டப்பாவை மட்டும் உறிஞ்சிவிட்டுப் புதிது ஊற்றும் ஆட்களும் இருக்கிறார்களாம், பொள்ளாச்சி மெக்கானிக் சொன்னார். அதனால் நான்கு சக்கரத்திலும் பிளீடிங், அதாவது குழாயிலிருக்கும் பழைய ஆயிலையும் காற்றையும் வெளியேற்றும் வேலை, செய்யும்போது கிட்டே நின்று பார்ப்பது உத்தமம். "கஸ்டமர் உள்ளே வரக்கூடாது" என்றால் செல்போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதற்கும் மறுக்கும் இடத்தில் பிரேக் வேலையைக் கொடுக்காதீர்கள். நைட்ரஜனுக்குத் தனிக் காசு வேண்டியதே இல்லை, சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அளவு சரியாக இருந்தால் போதும், அது டிரைவர் கதவோரத் தகட்டில் எழுதியிருக்கும்.

வேலை முடிந்த வண்டியோடு நேரே மலைக்குப் போக வேண்டாம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கொடுத்து வாங்கி, ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள். குறை தெரிந்தால் சரிசெய்ய நாள் இருக்கும்.

பெட்டி கட்டுவதில் நாங்கள் எந்தக் குறையும் வைக்கவில்லை. டார்ச், கயிறு, குடை, துண்டுகள், அம்மாவின் மாத்திரை, பிள்ளைகளுக்கு வாந்தி மாத்திரை, அட்டைப்பூச்சிக்கு உப்பு, சிக்னல் இல்லாத இடத்துக்குக் கையில் ரொக்கம், எச்சரிக்கை முக்கோணம் எல்லாம் இருந்தன. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: ஸ்டெப்னியில் காற்று, ஜாக்கி, வீல் ஸ்பானர் மூன்றையும் பெட்டிகளை அடுக்கும் முன் பார்த்துவிடுங்கள். மழையில் டிக்கியைக் காலிசெய்து தேடுவது கொடுமை.

ஊர் திரும்பியதும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். தேய்ந்த பேடை மேசையில் வைத்ததும் சூப்பர்வைசர், "ஹெல்பர் மறந்துட்டான் மேடம், அடுத்த சர்வீஸ் ஃப்ரீயாப் பண்ணித் தர்றோம்" என்றார். மாட்டாத பேடுக்குப் பில் போட்டது ஹெல்பர் இல்லையே என்று கேட்டேன். மேனேஜர் வந்து பேட், ஆயில் காசை மட்டும் திருப்பித் தந்தார். டயர் 'கம்பெனியில இருந்து வந்ததுதான்' என்று சாதித்துவிட்டார்.

1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிந்தேன். ஒர்க்‌ஷாப்பிலிருந்து சரியான பதில் வராததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போனேன். சாமானுக்கோ சேவைக்கோ கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் அங்கே புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நடந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பில் தர மறுப்பதையும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது, அதனால் 'பில் வேண்டாம்னா ஜிஎஸ்டி மிச்சம்' என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். என் கையில் பில், சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள், டயர் எண்ணின் போட்டோ, பொள்ளாச்சி மெக்கானிக் தன் லெட்டர்பேடில் எழுதித் தந்த விவரம் எல்லாம் இருக்கின்றன. அந்த பேடையும் பையில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். டயருக்கு என்ன உத்தரவு வருகிறது என்பதை வந்ததும் எழுதுகிறேன்.