வீட்டுக் கணினியில் வேவு: மூன்றாண்டு ஓட்டத்தில் எது உதவியது, எது உதவவில்லை

அமைப்பு இதுதான்: விண்டோஸ் 11 ஹோம், அதோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர், தினசரி வேலைக்கு உரிமை குறைந்த ஒரு ஸ்டாண்டர்டு கணக்கு, தனியே முழு உரிமையுள்ள ஓர் அட்மின் கணக்கு, கணினியோடு தானாகத் தொடங்கும் நிரல்களைப் பட்டியலிடும் ஆட்டோரன்ஸ் கருவியால் மாதம் ஒருமுறை சோதனை. காசு கொடுத்து வாங்கும் ஆன்டிவைரஸ் எதுவும் இல்லை. மூன்றாண்டு இப்படி ஓட்டியதில் அதிகம் உழைத்தவை இரண்டு: கணக்கைப் பிரித்தது, தொலைவிலிருந்து இயக்கும் செயலிகளை வீட்டைவிட்டு அனுப்பியது. மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

புதுக் கணினியில் முதலில் உருவாகும் கணக்கு அட்மினாகத்தான் இருக்கும். பெரும்பாலானோர் வருடக்கணக்கில் அதிலேயே இருந்துவிடுகிறார்கள். அட்மின் கணக்கில் ஒரு நிரல் அனுமதி கேட்டால் திரை மங்கி 'யெஸ்', 'நோ' என்று இரண்டு பொத்தான் வரும். கை பழக்கத்தில் 'யெஸ்' தட்டிவிடும். ஸ்டாண்டர்டு கணக்கிலோ அதே இடத்தில் அட்மின் கடவுச்சொல்லைக் கேட்கும். தட்டச்சு செய்ய ஆகும் அந்த ஐந்து விநாடியில்தான் 'ஒரு பில்லைத் திறக்க இதற்கு எதற்கு அட்மின்?' என்ற கேள்வியே வருகிறது.

வரிசை முக்கியம். செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத புது உள்ளூர்க் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதை அட்மின் ஆக்க வேண்டும். ஒருமுறை அதில் நுழைந்து கடவுச்சொல் சரியா என்று பார்த்துவிட்டு, அதற்குள் இருந்தபடியே பழைய கணக்கை ஸ்டாண்டர்டாக இறக்க வேண்டும். கடவுச்சொல்லைத் தாளில் எழுதி பீரோவில் வைப்பதில் தப்பே இல்லை; வேவு மென்பொருளுக்குப் பீரோ திறக்கத் தெரியாது. மாற்றிய முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். பழைய வரவுசெலவுக் கணக்கு மென்பொருள்கள் சில, புரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள்ளேயே தரவை எழுதப் பார்த்துத் தோற்கும். அதற்காகக் கணக்கை மறுபடி அட்மின் ஆக்க வேண்டாம். தரவுக் கோப்புறையை மட்டும் டி டிரைவுக்கு நகர்த்தினால் போதும்.

இதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். விசைப்பதிவு (தட்டும் விசைகளைப் பதிவுசெய்வது), திரையைப் படம்பிடிப்பது, பிரௌசரில் இருக்கும் குக்கீயை (தளத்தில் உள்நுழைந்திருப்பதற்கான அடையாளச் சீட்டை) திருடுவது ஆகிய மூன்றுக்கும் அட்மின் உரிமை தேவையில்லை. ரெட்லைன், லூமா போன்ற திருட்டு மென்பொருள்களின் பிழைப்பே இதுதான். ஸ்டாண்டர்டு கணக்கு செய்வது வேறு: டிஃபெண்டரை அணைக்கவோ, டிரைவரை உள்ளே இறக்கவோ, சர்வீஸாக (பின்னணியில் எப்போதும் ஓடும் நிரலாக) குடியேறவோ விடாது. அதனால் உள்ளே வந்தது எளிதில் மாட்டிக்கொள்கிறது.

டிஃபெண்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, சத்தமில்லாமல் வேலை செய்கிறது. பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கடைசியில் எக்ஸ்குளூஷன்ஸ், அதாவது சோதிக்காமல் விட வேண்டியவற்றின் பட்டியல். வீட்டில் யாரும் எதையும் சேர்க்காதவரை அந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். கிராக் செய்த ஆபீஸ், ஆக்டிவேட்டர் வகையறா நிறுவும்போது அவை முதலில் செய்வது, சி டிரைவ் முழுவதையோ டவுன்லோட்ஸ் கோப்புறையையோ இந்தப் பட்டியலில் சேர்ப்பதுதான். அப்புறம் எத்தனை ஸ்கேன் போட்டாலும் 'பிரச்சினை இல்லை' என்றே வரும். அதே பக்கத்தில், டிஃபெண்டரின் அமைப்புகளை வேறு நிரல்கள் மாற்றாமல் தடுக்கும் டேம்பர் புரொடெக்ஷன் ஆன் ஆக இருக்கட்டும்.

ஒட்டுக்கேட்பு என்றதும் யாரோ ஹேக்கர் நினைவுக்கு வருகிறார். நடப்பில் பெரும்பாலும் கதவைத் திறந்துவிடுவது வீட்டுக்காரர்தான். பிரின்டர் சரிசெய்ய, வரிக் கணக்கு தாக்கல் செய்ய என்று எனிடெஸ்க், டீம்வியூவர், அல்ட்ராவியூவர் போன்ற தொலைவிலிருந்து இயக்கும் செயலி எதையாவது போட்டிருப்பார்கள். இவை நேர்மையான செயலிகள், முறையாகக் கையொப்பமிட்டவை. ஆன்டிவைரஸ் வாயே திறக்காது. வேலை முடிந்தபின் உள்ளே தங்கும் 'அன்அட்டெண்டட் ஆக்சஸ்' கடவுச்சொல்தான் ஆபத்து. அது இருந்தால், கணினி இயங்கும் நேரமெல்லாம் இந்தப் பக்கம் யாரும் 'அக்செப்ட்' தட்டாமலேயே அந்தப் பக்கம் நுழையலாம். கைப்பேசியில் எனிடெஸ்க் வழியாக நடந்த பணமோசடி பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது.

அன்இன்ஸ்டால் செய்தபின் சர்வீசஸ் பட்டியலில் பெயர் மிச்சம் இருக்கிறதா, புரோகிராம்டேட்டாவில் அதன் கோப்புறை தங்கியிருக்கிறதா என்று பார்த்து அழிக்க வேண்டும். எப்போதாவது உதவி தேவைப்பட்டால் விண்டோஸில் இருக்கும் குயிக் அசிஸ்ட் போதும். ஒவ்வொரு முறையும் புதுக் குறியீடு கேட்கும். கதவு எதுவும் திறந்திருக்கிறதா என்று பார்க்க, எந்தச் செயலி எந்த எண்ணுள்ள இணைப்பு வாயிலை (போர்ட்) பயன்படுத்துகிறது என்று காட்டும் டிசிபிவியூ கருவி உண்டு. தொலைவியக்கத்துக்கு உரிய எண்கள்: 3389 ரிமோட் டெஸ்க்டாப், 5900 விஎன்சி, 7070 எனிடெஸ்க். ஹோம் பதிப்பில் ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்கும் வசதியே கிடையாது. ஆகவே அங்கே 3389 'லிசனிங்' (இணைப்புக்காகக் காத்திருக்கிறது) என்று நின்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும்.

ஆட்டோரன்ஸ், டிசிபிவியூ இரண்டும் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகள். 2006 முதல் மைக்ரோசாஃப்டிடம் இருக்கின்றன, இலவசம். ஆட்டோரன்ஸைத் திறந்ததும் பயந்துபோகிற அளவு வரிகள் வரும். ஆப்ஷன்ஸில் 'ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்' போட்டால் முப்பது, நாற்பதாகச் சுருங்கும். மஞ்சள் வரி என்றால் பதிவு இருக்கிறது, கோப்பு இல்லை, பழைய குப்பை. இளஞ்சிவப்பு என்றால் வெளியீட்டாளர் விவரமோ கையொப்பமோ இல்லை; நின்று பார்க்க வேண்டியது அதைத்தான். பெயரை நம்ப வேண்டாம், பாதையைப் படிக்க வேண்டும். 'கூகுள் அப்டேட்' என்று பெயர் வைத்துக்கொண்டு ஆப்டேட்டாவின் (பயனரின் செயலித் தரவு இருக்கும் இடம்) ரோமிங் கோப்புறையில் பொருளற்ற எழுத்துகள் கொண்ட இடத்திலிருந்து ஓடினால் அது கூகுள் இல்லை. ஆப்டேட்டாவில் இருப்பதெல்லாம் கெட்டதும் இல்லை. டிஸ்கார்ட், ஜூம் போன்றவை அங்கேதான் குடியிருக்கின்றன. சுத்தமாக இருக்கும் நாளில் ஒரு நகலைச் சேமித்துவைத்து, அடுத்த மாதம் ஃபைல் மெனுவில் 'கம்பேர்' கொடுத்தால் புதிதாக வந்தவை பச்சையில் தெரியும். பத்து நிமிட வேலை. சந்தேகமான வரியை அழிக்காமல் முதலில் டிக்கை மட்டும் எடுங்கள். தவறாகப் போனால் திருப்பி வைக்கலாம்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒன்று. விசைப்பலகைச் செயலி எதுவானாலும், தட்டும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்தால்தான் எழுத்தை மாற்ற முடியும். விசைப்பதிவுத் திருடன் செய்வதும் அதே இடைமறிப்புதான். அதனால் நல்ல செயலியைக்கூட ஆன்டிவைரஸ் சில சமயம் திட்டும். கலப்படம் செய்த நகல் வந்தால் கண்டுபிடிப்பதும் கடினம். விண்டோஸிலேயே தமிழ்99-உம் ஒலிப்பு முறையும் இருக்கின்றன. வெளியே தேடிப்போக வேண்டாம்.

மைக்கும் கேமராவும். பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில் மைக்ரோஃபோன் பக்கத்தைத் திறந்தால், எந்தச் செயலி கடைசியாக எப்போது மைக்கைத் தொட்டது என்று தேதியோடு இருக்கும். பயனுள்ள பக்கம்தான், ஆனால் முழுக் காவல் இல்லை. டெஸ்க்டாப் செயலிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சுவிட்சுதான். அதற்கு அடங்காத செயலிகளும் உண்டு என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. கேமரா விளக்கையும் முழுதாக நம்ப முடியாது. பழைய மேக்புக் மாடல்களில் விளக்கு எரியாமல் படம் எடுக்க முடியும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2013-இல் செய்துகாட்டினார்கள். யூஎஸ்பி கேமரா என்றால் வயரை உருவிவிடுவதை மிஞ்சிய பாதுகாப்பு கிடையாது. லேப்டாப்பில் தடித்த நகர்த்து மூடி ஒட்டி அப்படியே மூடினால் திரை விரிசல் விடலாம்; 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று ஆப்பிள் சொல்கிறது. ஒரு துண்டு காகிதம் போதும்.

மைக் இல்லை என்றாலும் ஹெட்போன் இருந்தால் ஒட்டுக்கேட்க முடியும். ரியல்டெக் சிப்பில் வெளியீட்டு ஜாக்கை உள்ளீடாக மாற்றி, ஹெட்போனையே மைக்காக்கலாம் என்று 2016-இல் பென்-குரியன் பல்கலைக்கழகத்தார் நிரூபித்தார்கள். வீட்டில் இது நடக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஹெட்போனைக் கழற்றி வைப்பதற்கும் செலவில்லை. ஆம்பிளிஃபயர் உள்ள ஸ்பீக்கரில் ஒலி ஒரு திசையில்தான் போகும், அதில் இந்த வித்தை செல்லாது.

ரௌட்டரில் மூன்று வேலை: அட்மின் கடவுச்சொல்லை மாற்றுவது, ரிமோட் மேனேஜ்மென்டையும் (வெளியிலிருந்து ரௌட்டரை இயக்கும் வசதி) யூபிஎன்பி-யையும் (செயலிகள் தாமாகவே ரௌட்டரில் வழி திறந்துகொள்ளும் வசதி) அணைப்பது, தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்-ஐ, தீய தளங்களைத் தடுக்கும் குவாட்9-இன் 9.9.9.9 ஆக்குவது.

இத்தனைக்கும் அசையாதது ஒன்று இருக்கிறது. 'நீங்கள் மனிதரா என்று சரிபார்க்க விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள், கன்ட்ரோல் வி, என்டர்' என்று சொல்லும் போலிப் பக்கங்கள். கட்டளையைப் பயனரே ஒட்டி ஓட்டுவதால் ஸ்டாண்டர்டு கணக்கும் தடுக்காது, டிஃபெண்டரும் எல்லா முறையும் பிடிக்காது. வீட்டில் கணினியைத் தொடும் எல்லோருக்கும் வாயால் சொல்லி வைக்க வேண்டியது இதுதான்.

அப்படி ஒட்டிவிட்டால் முதலில் வைஃபையை அணையுங்கள். கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்றாதீர்கள்; கைப்பேசியிலிருந்து மாற்றி, ஒவ்வொரு கணக்கிலும் 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் கொடுங்கள். திருடுபோன குக்கீ கடவுச்சொல் கேட்காமலேயே உள்ளே விடும் என்பதால் இந்த இரண்டாவது படி கட்டாயம். பணம் போயிருந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பிறகு, விண்டோஸ் தொடங்கும் முன்பே சோதிக்கும் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி மறுதொடக்கம் ஆகிச் சுமார் 15 நிமிடம் எடுக்கும். அது எதையும் பிடிக்காவிட்டாலும், வேறு கணினியில் 8 ஜிபி பென் டிரைவ் தயாரித்து விண்டோஸை முதலிலிருந்து போடுவதே நிம்மதி. படங்களையும் ஆவணங்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரௌசர் புரொஃபைல் கோப்புறையைத் தொடாதீர்கள். புதுப் பிரௌசரில் சிங்க் போடுமுன் எக்ஸ்டென்ஷன்ஸ் பெட்டியின் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் விரட்டிய எக்ஸ்டென்ஷன், இணையச் சேமிப்பிலிருந்து தானே இறங்கிவந்து மறுபடி உட்கார்ந்துகொள்ளும்.