பைண்டிங் நன்று, ஓரம் மட்டும் வெட்ட விடாதீர்கள்

பழைய புத்தகங்களுக்கு அட்டை கட்ட ஈப்போவுக்குத்தான் போகவேண்டும் என்று நினைத்திருந்தேன். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட் பசார் பக்கம், கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை ஒன்றில் பைண்டிங்கும் செய்கிறார்கள் என்று பள்ளியில் ஒருவர் சொன்னார். இதுவரை மூன்று தடவை போயிருக்கிறேன். இரண்டு புத்தகம் திரும்பி வந்துவிட்டது, ஒன்று இன்னும் கடையில்.

எந்தப் புத்தகங்கள் என்பதைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மைலோ பெட்டி இருக்கிறது. அதில் இருப்பதெல்லாம் என் வீட்டுப் புத்தகங்கள். யாரும் எடுத்துப் போகலாம், பேர் எழுத வேண்டாம். அதிகம் அடிபடுவது அப்பா தொகுத்தது. அவர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தமிழ் நேசன் ஞாயிறு பதிப்பில் வந்த தொடர்கதையை வாராவாரம் வெட்டி, பழைய கணக்கு நோட்டில் ஒட்டி வைத்திருந்தார். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு பேப்பர் ஐந்து வீடு சுற்றும். கடைசி வீடு எங்களுடையது, அதனால்தான் கத்தரிக்கோல் வைக்க முடிந்தது.

1924இல் தொடங்கிய அந்தப் பத்திரிகை 2019 ஜனவரியோடு நின்றுபோனது. என் பிள்ளைகளுக்கு அதன் பேர்கூடத் தெரியாது. ஆனால் வகுப்பில் இதை வாசித்துக் காட்டும்போது, 'தொடரும்' என்று வரும் இடத்தில் நானும் வாசிப்பதை நிறுத்திவிடுவேன். மறுநாள் காலையில் காரை விட்டு இறங்குவதற்குள், "டீச்சர், அப்புறம்?" என்று நாலு பேர் நிற்பார்கள். ஒரு பையன் இதை நிலாம் பதிவில் சேர்க்க வேண்டும் என்றான். 1999இலிருந்து பள்ளிகளில் நடக்கும் வாசிப்புத் திட்டம் அது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் எல்லாம் எழுத வேண்டும். பதிப்பகம் என்ற இடத்தில் 'டீச்சர் அப்பா' என்று எழுதிக்கொண்டு வந்தான். நான் திருத்தவில்லை.

சரி, கடைக்கு வருவோம். முதலில் கொடுத்தது ஒரு சிறுகதைத் தொகுப்பு. 12 வெள்ளி (ரிங்கிட்). ஓரமாகத் துளை போட்டுக் குறுக்கே தைத்திருந்தார் கடைக்கார அண்ணன். கட்டு உறுதிதான், ஆனால் புத்தகம் விரியவில்லை. கையை எடுத்தால் மூடிக்கொள்கிறது. இரண்டு பிள்ளைகள் தலையை ஒட்டி வைத்துப் படிக்கும் புத்தகத்துக்கு அது ஆகாது. அடுத்த முறை அப்பாவின் நோட்டைக் கொண்டுபோய் இதைச் சொன்னேன். "மடிப்பு மடிப்பா தைக்கணும் டீச்சர், நேரம் எடுக்கும்" என்றார் அண்ணன். 20 வெள்ளி. ஒரு வாரம் என்று சொல்லி மூன்று வாரம் ஆக்கினார். நடுவில் இரண்டு தடவை போன் செய்தேன், இரண்டு தடவையும் "நாளைக்கு" என்றார். ஆனால் வந்த வேலையைப் பார்த்ததும் வாயடைத்துப் போனேன். மேசையில் வைத்தால் தட்டையாக விரிகிறது. முதுகுக்குத் துணி, மேலே கருநீல ரெக்ஸின்.

பசை அவரே மைதாவில் காய்ச்சுகிறார், பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து. வெறும் கம் போட்ட புத்தகங்கள் இந்த ஊர் ஈரத்தில் ஏடு ஏடாகக் கழன்றதைப் பார்த்திருக்கிறேன், அதனால் எனக்குத் திருப்திதான். ஆனால் மயில்துத்தம் விஷம். முதுகுப் பக்கம் மட்டும்தான் தடவுவேன் என்றார். இருந்தாலும் எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது என்று வகுப்பில் சொல்லி வைத்தேன்.

என் குறை வெட்டு மெஷின் மேல். தைத்த பிறகு மூன்று பக்கமும் ஓரத்தைச் சீவிவிடுகிறார். முதல் புத்தகத்தில் என்னைக் கேட்கவே இல்லை. பதினாலு வயதிலிருந்தே நான் பென்சிலோடுதான் படிப்பேன். 'இவன் பொய் சொல்கிறான்', 'முடிவு எனக்குப் பிடிக்கவில்லை' என்று ஓரமெல்லாம் கிறுக்கி வைத்திருப்பேன். பெட்டியிலிருந்து எடுக்கும் பிள்ளைகள் கதைக்கு முன்னால் அதைத்தான் தேடுகிறார்கள். டீச்சர் எந்தப் பக்கத்தில் திட்டியிருக்கிறார் என்று பார்க்க அவ்வளவு ஆசை. அதில் பாதி கடைக் குப்பையில் போய்விட்டது. சொன்னபோது, "வெட்டலேன்னா பாக்க அசிங்கமா இருக்கும் டீச்சர்" என்றார். அவர் பக்கமும் நியாயம் உண்டு, கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும். அப்பாவின் நோட்டை வெட்டாமல் கொடுத்தார். மூன்றாவது புத்தகத்தில், வாயால் சொன்னது போதாது என்று, 'ஓரம் வெட்ட வேண்டாம்' என்று எழுதி அட்டையிலேயே ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மடிப்புத் தையல் என்றும் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் குறுக்குத் தையல்தான். முன்பணம் கேட்பதில்லை.

வெட்டுப்பட்ட தொகுப்பு இப்போதும் பெட்டியில்தான் இருக்கிறது. ஒரு கதையின் பக்கத்தில் 'இங்கே அழுதேன்' என்று எழுதியிருந்தேன். மெஷின் 'தேன்' என்பதை வெட்டிக்கொண்டு போய்விட்டதால் 'இங்கே அழு' என்று மட்டும் நிற்கிறது. போன வாரம் பார்த்தால், அதன் கீழே யாரோ பென்சிலால், 'வரவில்லை டீச்சர்' என்று எழுதியிருக்கிறார்கள்.