வாடகை ஒக்சிஜன் மெஷின்: கரண்ட் இருக்கும்வரை குறையில்லை

வெள்ளவத்தையில் மருத்துவச் சாமான்கள் வாடகைக்குக் கொடுக்கும் கடையொன்றில் அம்மாவுக்கு 5 லீற்றர் ஒக்சிஜன் கொன்சன்ட்ரேட்டர் எடுத்திருக்கிறோம். அம்மாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைபடும் நாட்பட்ட நுரையீரல் நோய்.

மெஷினில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறைக் காற்றில் 21 வீதம்தான் ஒக்சிஜன். இது நைதரசனைப் பிரித்துவிட்டு 90 வீதத்துக்கு மேல் தருகிறது. சத்தம் மட்டும் பழைய பிரிட்ஜ் போல. வடிகட்டிப் பஞ்சை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்துப் போட வேண்டும். டொக்டர் எழுதிய அளவைத் தாண்டித் திருகக் கூடாது என்று கடைத் தம்பி இரண்டு தரம் சொன்னார். நல்ல விஷயம். சிஓபிடிக்காரருக்குப் பொதுவாக இரத்தத்தில் ஒக்சிஜன் அளவு 88 முதல் 92 வீதம் வரை இருந்தால் போதும். பக்கத்து வீட்டு மாமி விரலில் மாட்டிய மீற்றரைப் பார்த்துவிட்டு, “90 தானே காட்டுது, கூட்டி விடு பிள்ளை” என்று இன்னும் நச்சரிக்கிறார்.

ஆனால் கரண்ட் போனால் என்ன செய்வதென்று கடையில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இந்த மெஷின் 350 வாட் அளவில் இழுக்கும். கம்பியூட்டர் யூபிஎஸ்ஸில் சில நிமிடம் ஓடினாலே பெரிது. 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருட்டான ஞாயிற்றுக்கிழமை, மெஷின் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. எங்கள் அடுக்குமாடி ஜெனரேட்டர் லிஃப்டுக்கும் படிக்கட்டு லைட்டுக்கும் மட்டும்தான். ‘24 மணிநேர சேவை’ என்று அட்டையில் அச்சடித்த கடை நம்பருக்கு எடுத்தால், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு எடுத்தோம். 2016இல் தொடங்கிய இந்தச் சேவைக்குக் காசே இல்லை. வந்த பிள்ளைகள் வீட்டிலேயே ஒக்சிஜன் பூட்டி, மருந்துச் சிட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் அம்மாவைக் களுபோவிலை ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள். அந்தச் சிட்டை இப்போது எங்கள் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு அதே கடையில் சிலிண்டரும் எடுத்தோம். 10 லீற்றர் சிலிண்டரில் 150 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் கிட்டத்தட்ட 1500 லீற்றர் ஒக்சிஜன். நிமிடத்துக்கு 2 லீற்றர் கணக்கில் பன்னிரண்டு மணிநேரம் போகும். கொண்டுவந்த பெடியன் அதைத் திறக்கும் சாவியைக் கொண்டுவரவில்லை! மறுபடி திரீவீலில் அனுப்பி எடுப்பித்தோம். சாவியை இப்போது சிலிண்டர் கழுத்திலேயே நூலால் கட்டியிருக்கிறேன். அப்புறம், கரண்ட் போனதும் கை மெழுகுதிரியைத் தேடும். ஒக்சிஜன் ஓடும் அறையில் அது ஆபத்து. டோர்ச் மட்டும்தான். அம்மாவின் சாமி விளக்கும் ஹோலுக்குப் போய்விட்டது, அதில் அவவுக்குக் கோபம்.

மெஷினுக்கு ஐந்துக்கு ஐந்து. கடைக்கு இரண்டரை, சிலிண்டர், ரெகுலேட்டர், சாவி மூன்றையும் முதல் நாளே மெஷினோடு சேர்த்துக் கொடுக்கட்டும், கூட்டிப் போடுகிறேன்.