நெபுலா (விண்வெளியில இருக்குற வாயு மேகம்) படம் எடுக்க 'மாடிஃபைடு' கேமரா வாங்கப் போறீங்களா? என் 38,500 ரூபாய் கதையைக் கேட்டுட்டுப் போங்க

38,500 ரூபாய். கேமரா 29,000, லைட் பொல்யூஷன் ஃபில்டர் (ஊர் வெளிச்சத்தைத் தடுக்குறது) 9,500. ரெண்டுமே டுபாக்கூர்னு நேத்து ராத்திரிதான் ஊர்ஜிதமாச்சு. கடுப்புல எழுதுறேன், பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

வீடு தண்டையார்பேட்டை. ஒரு பக்கம் துறைமுகத்து விளக்கு, இன்னொரு பக்கம் மணலி ரிஃபைனரி வெளிச்சம், தெருவெல்லாம் வெள்ளை எல்இடி. இந்த வானத்துல நெபுலாவான்னு சிரிக்காதீங்க. நெபுலாவோட சிவப்பு, ஹைட்ரஜன் விடுற 656.3 நானோமீட்டர் ஒளி. சாதா கேமராவுல சென்சாருக்கு முன்னாடி இருக்குற கண்ணாடியே அதுல பெரும்பங்கை முழுங்கிடும். அதைக் கழட்டினதுதான் 'மாடிஃபைடு' கேமரா. அதுல ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடுற ஃபில்டர் மாட்டினா நம்ம மொட்டைமாடியிலயே எடுக்கலாம்.

நான் வாங்கினது, பழைய கேமரா வாங்கி விக்கிற ஒரு கடையில. உள்ள போனதும் டீ வந்துச்சு. கடைக்காரர் என் வெள்ளைச் சட்டையை ஒரு கிளிக் எடுத்து ஸ்கிரீனைத் திருப்பினார். சட்டை ரோஸ் மில்க்ல நனைச்சு எடுத்த மாதிரி இருந்துச்சு. "பாத்தீங்களா ப்ரோ, உள் கண்ணாடி எடுத்தாச்சு, அதான் இந்த சிவப்பு"ன்னார். நானும் எங்கேயோ அப்படிப் படிச்சிருந்தேன். அரைகுறையா தெரிஞ்சவனை ஏமாத்துறதுதான் சுலபம் போல. அங்கேயே ஜிபே பண்ணேன்.

தை அமாவாசை ராத்திரி ரெண்டு மணி நேரம் ரோசெட் நெபுலாவை எடுத்தேன். திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கிழக்கால, சிவப்பு ரோஜா மாதிரி விரியணும். எல்லாப் படத்தையும் ஒண்ணா சேர்த்து ஸ்டாக் பண்ணிப் பாத்தா நட்சத்திரம் இருக்கு, ரோஜா இல்ல.

போன் போட்டேன். "தண்டையார்பேட்டைல என்ன ப்ரோ தெரியும்? ஏலகிரி போய் எடுங்க." அடுத்த வாட்டி, "மாடிஃபை பண்ணவரு ஊருக்குப் போயிருக்காரு." அப்புறம் வெறும் ப்ளூ டிக். நேர்ல போனா பில்லைக் காட்டுறார்: 'பழைய பொருளுக்கு ரிட்டர்ன் இல்லை'. பில்லுல 'கேமரா 1, ஃபில்டர் 1', அவ்ளோதான். மாடிஃபைடுங்குற வார்த்தையே இல்ல!

நேத்து மெனுவை நோண்டினேன். வொயிட் பேலன்ஸ் ஷிஃப்ட்ல (படத்தோட நிறச் சாயலை மாத்துற செட்டிங்) கட்டத்தோட புள்ளியை சிவப்பு மூலைக்குத் தள்ளி வெச்சிருக்கான். நடுவுக்குக் கொண்டுவந்தேன், சட்டை மறுபடி வெள்ளையாயிடுச்சு. ஒரு புள்ளியை நகர்த்தினதுக்கு 38,500 ரூபாய்!

வாங்குறவங்க முதல்ல மெனுவை ரீசெட் பண்ணுங்க, அப்புறம் வெயில்ல ஒரு படம் எடுங்க. வொயிட் பேலன்ஸ் வெயில் குறியில இருக்கட்டும். அப்பவும் சிவப்படிச்சாதான் மாடிஃபைடு. ஃபில்டரை டியூப் லைட்டுக்கு நேரா பிடிச்சு சாய்ச்சுப் பாருங்க. நல்ல ஃபில்டர் முகம் பாக்குற கண்ணாடி மாதிரி மின்னும், சாய்க்கச் சாய்க்க நிறம் மாறும். எனக்குக் கொடுத்தது வெறும் நீலக் கண்ணாடி. பில்லுல 'மாடிஃபைடு'ன்னு எழுதி வாங்குங்க. இன்னும் ரெண்டு மூணு விஷயம் இருக்கு, அப்புறம் சொல்றேன். அந்தக் கடைக்காரன் இப்பதான் ஆன்லைன்ல வந்திருக்கான்.