எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர்: படிக்க அருமை, வேலைக்கு இது மட்டும் போதாது

கல்லூரிக்குப் போக வசதியில்லாதவர்களுக்கும், பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல் தவிப்பவர்களுக்கும் நான் முதலில் சொல்வது இந்தத் தளத்தைத்தான். அமெரிக்காவின் எம்ஐடி (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) தன் பாடங்களை இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைக்க 2001இல் அறிவித்த திட்டம், இன்றும் முழுக்க இலவசம். பெயரைப் பதிவு செய்யக்கூட வேண்டாம், திறந்த உடனே படிக்கலாம்.

அங்கே கணிதப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய லீனியர் அல்ஜீப்ரா (நேரியல் இயற்கணிதம்) வகுப்பின் வீடியோவைப் பாருங்கள். கரும்பலகையும் சாக்பீஸும்தான், ஆனால் மேட்ரிக்ஸ் (எண்களைக் கட்டம் கட்டமாக அடுக்கிய அணி) என்றால் எண்களைப் பெருக்குவது என்று மட்டும் பழகியவர்களுக்கு அதன் ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன வேலை செய்கிறது என்று அவர் பொறுமையாகக் காட்டும்போது, இதை ஏன் யாரும் முன்பே இப்படிச் சொல்லவில்லை என்று ஆதங்கமாக இருக்கும். வீடியோவைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வீட்டுப்பாடக் கணக்குகளும் பழைய தேர்வுத்தாள்களும். பல பாடங்களில் விடைகளும் இருக்கின்றன.

சரி, குறைகள். சான்றிதழ் கிடையாது. சந்தேகம் கேட்க ஆசிரியரும் இல்லை. பாடமெல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான், அதனால் யாருக்கு இது அதிகம் தேவையோ அவர்களில் பலர் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுகிறார்கள், எனக்கு இதுதான் பெரிய வருத்தம். பட்டம் இருக்கிறதா என்று முதல் சுற்றிலேயே வடிகட்டும் நிறுவனத்திடம் இதைச் சொல்லிப் பயனில்லை. செய்து காட்டச் சொல்லும் வேலைகளுக்கு, குறிப்பாக நிரல் எழுதும் வேலைக்கு, பைத்தான் என்ற நிரல் மொழிப் பாடத்தின் பயிற்சிகளை முடித்துவிட்டு அப்புறம் சொந்தமாக ஒரு நிரலை எழுதி வைத்துக்கொண்டு போங்கள்.

சில பாடங்கள் பழையவை, ஆண்டைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.