விண்கலன் நம்பகத்தன்மை இன்டர்ன்ஷிப்: கணக்குப் பிரிவா, சோதனைக் கூடமா?

வேலை
கணக்கு (பணக் கணக்கு அல்ல, பழுதுகளைக் கணிக்கும் பிரிவு): எஃப்எம்இஏ அட்டவணை. ஒவ்வொரு பாகமும் எப்படிப் பழுதாகும், அதனால் கலனுக்கு என்ன ஆகும் என்று வரி வரியாக எழுதுவது.
கூடம்: அதிர்வு மேசை, வெப்ப-வெற்றிட அறை.

கற்பது
கணக்கு: டீரேட்டிங், அதாவது பாகத்தை அதன் வரம்புக்கு நன்றாகக் கீழேயே ஓட்டுவது. 20 வோல்ட் டான்டலம் கெப்பாசிட்டரை 10 வோல்ட்டுக்கு மேல் ஓட்டுவதில்லை. அதற்கு மேல் போனால், ஸ்விட்ச் போட்டதும் பாயும் மின்னோட்டம் அதை ஷார்ட் ஆக்கிவிடலாம்.
கூடம்: நாசாவின் ஜெவ்ஸ் (விண்கலப் பாகங்களைச் சோதிக்கும் விதிகள்) தரப்படி 22.7 கிலோ வரையுள்ள பாகங்களுக்குத் தகுதிச் சோதனை 14.1 ஜி ஆர்எம்எஸ் (தாறுமாறான அதிர்வின் ஒட்டுமொத்த வலிமை), அச்சுக்கு 2 நிமிடம். முன்னும் பின்னும் மெல்லிய சைன் ஸ்வீப், அதாவது அதிர்வெண்ணைப் படிப்படியாக மாற்றி லேசாக ஆட்டிப் பார்ப்பது. ஒத்ததிர்வு (பாகம் மிகுதியாக ஆடும் அதிர்வெண்) 5 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் திருகு தளர்ந்திருக்கலாம். அதற்கு முன் சென்சாரின் ஒட்டு பெயர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பயம் அங்கேயே தீரும்.

தொல்லை
கணக்கு: மில்-217எஃப் (பாகங்களின் பழுது விகிதம் தரும் அமெரிக்க ராணுவக் கையேடு) எண்கள் பழையவை. இரண்டு வடிவமைப்புகளை ஒப்பிட உதவும். ஆயுளைச் சொல்ல நம்பாதீர்கள்.
கூடம்: இரவு ஷிஃப்ட் உண்டு. பாகம் தாமதமானால் சும்மா உட்கார வேண்டியதுதான்.

8 வாரம்தான் என்றால் கணக்குப் பிரிவு. கையில் முடித்த அட்டவணையாவது இருக்கும். ஆறு மாதம் கிடைத்தால், யோசிக்காமல் கூடம்.